வில்லன் ஏன் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்?

கறுப்பு_மை எழுதியது:

ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், சூப்பர்வில்லன்தான் கதாநாயகன். மளமளவென்று போய்க்கொண்டிருந்தது, இப்போது ஒரே காட்சியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஹீரோவைக் கட்டிப்போட்டாயிற்று, குண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. புத்தியுள்ளவன் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுவான். காமிக்ஸ் வில்லன் கிளம்பமாட்டான். நின்று நிதானமாகத் திட்டத்தை ஆதியோடந்தமாக ஒப்பிப்பான், அதற்குள் ஹீரோ கட்டை அறுத்துவிடுவார்.

நேராக எழுதினால் அரைத்த மாவு. கிண்டலாக எழுதலாம் என்றால் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ அதை 2004லேயே செய்துவிட்டது. அந்தப் படத்து வில்லன் பேசிக்கொண்டே போய் நடுவில் சுதாரித்து, என்னையே வசனம் பேச வைத்துவிட்டாயே என்பான். தலைகீழாக எழுதலாம் என்றால் அதுவும் ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் காலத்திலேயே முடிந்த கதை. 11ஆம் இதழில் வில்லன் ஓஸிமாண்டியாஸ் தன் திட்டம் எல்லாவற்றையும் விளக்குகிறான், எதிரே நிற்கும் ஹீரோக்கள் தடுப்போம் என்கிறார்கள், அவனோ நீங்கள் தடுக்க வாய்ப்பிருந்தால் சொல்லியிருப்பேனா, 35 நிமிடத்துக்கு முன்பே முடித்துவிட்டேன் என்கிறான்.

நேர், கிண்டல், தலைகீழ் மூன்றும் போயிற்று. இனி என்ன மிச்சம்? அந்தக் காட்சியைத் தூக்கிவிடலாமா?

---

உடைப்பவன் எழுதியது:

தூக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வகைக் கதையில் உருப்படியானவை எல்லாம் மரபை உடைத்தவைதான். முதுகில் தொங்கும் கேப், ரகசிய அடையாளம், கொல்லமாட்டேன் என்ற சத்தியம், செத்தவன் திரும்பி வருவது, எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. பெரியவர்களுக்கு எழுதுகிறாய் என்றால் வில்லன் வந்தான், சுட்டான், போனான். முடிந்தது.

---

பழைய_இதழ் எழுதியது:

தம்பி உடைப்பவன், கொஞ்சம் பொறுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி? ஒவ்வொரு மரபுக்கும் பின்னால் ஒரு தொழில் காரணம் இருக்கிறது, அது தெரியாமல் உடைத்தால் சுவரோடு சேர்த்துத் தூணையும் இடிப்பதுபோல் ஆகிவிடும்.

ஜோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் ‘பேட்மேன்’ முதல் இதழில் அவன் சாக வேண்டியவன். கதையின் கடைசியில் தன் கத்தி தன்மேலேயே பாய்ந்து விழுகிறான், அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் பார்த்தார், இவ்வளவு நல்ல வில்லனை ஒரே இதழில் தீர்த்துக்கட்டுவதா என்று கடைசியில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். ஆம்புலன்ஸில் ஒரு டாக்டர், இவன் பிழைத்துக்கொள்வான் என்கிறார். அவ்வளவுதான். வில்லன் சாகமாட்டான் என்ற மரபின் வேரில் இப்படி ஒரு பத்திரிகை அலுவலக முடிவு இருக்கிறது. விற்கும் சரக்கை யாரும் குப்பையில் போடமாட்டார்கள்.

வசனம் பேசுவதும் அதே ஜாதிதான். மாதாமாதம் வரும் இதழ், போன மாதம் படிக்காதவன் இந்த மாதம் வாங்குவான், அவனுக்குக் கதை புரிய வேண்டும். யாராவது விளக்கியே ஆக வேண்டும். முழுத் திட்டமும் தெரிந்த ஒரே ஆள் வில்லன், கேட்க வாகாக ஹீரோ கட்டிப்போடப்பட்டிருக்கிறார். வேறு யார் சொல்வது?

அப்புறம் 1954இல் காமிக்ஸ் கோட் வந்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள். நல்லது எப்போதும் ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். விதிப்படி இருக்கிறது என்ற முத்திரை அட்டையில் இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் தொடவே மாட்டார்கள். ஆக வில்லன் தோற்க வேண்டும், ஆனால் அடுத்த வருடம் மறுபடி வருவதற்கு உயிரோடும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கதையில் அடக்கப் பார்த்தால் உங்களுக்குக் கிடைப்பது: சிறை, தப்பித்தல், சிறை, தப்பித்தல். கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் கணக்குச் சரியாக வரும்.

---

உடைப்பவன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். காரணம் வியாபாரம் என்றால் தனி ஆளாகத் தொடர் எழுதுகிறவனுக்கு அந்தக் காரணமே கிடையாது. பிறகு எதற்கு அந்தச் சுமை?

---

அடியாள்_எண்_9 எழுதியது:

நான் நுழைகிறேன். என் கவலை எல்லாம் ஹீரோவும் இல்லை வில்லனும் இல்லை, பின்னால் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறானே ஒருத்தன், அவன்.

நாடலி ஸீனா வால்ஷாட்ஸ் எழுதிய ‘ஹெஞ்ச்’ என்று 2020இல் ஒரு நாவல். வில்லனிடம் தற்காலிக வேலைக்குப் போகும் ஒரு பெண், விரிதாளில் தகவல் நிரப்புகிற வேலை. ஹீரோ ஒருமுறை உள்ளே புகுந்து தூக்கி வீசியதில் கால் நொறுங்கி மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கிறாள். படுத்த இடத்தில் என்ன செய்கிறாள்? கணக்குப் போடுகிறாள். இந்த ஹீரோவால் உடைந்த கட்டடம், போன உயிர், முடமானவர்கள், எல்லாவற்றையும் புயல் பூகம்பத்துக்குச் சேதம் மதிப்பிடுகிற மாதிரி, இழந்த ஆயுள் வருடங்களாக மாற்றிக் கூட்டுகிறாள். கூட்டிப் பார்த்தால் ஹீரோ ஓர் இயற்கைப் பேரழிவு.

இங்கே கவனியுங்கள், அந்த நாவல் எந்த மரபையும் உடைக்கவில்லை. ஹீரோ பறக்கிறார், வில்லனுக்கு ரகசியத் தளம் இருக்கிறது, அடியாட்களுக்குச் சீருடை இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே ஒத்துக்கொண்டு, சரி, அப்படியென்றால் செலவு யார் கணக்கில் என்று மட்டும் கேட்கிறது. மார்வெல்லே 1989இல் ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்று ஒரு தொடர் போட்டார்கள், சண்டை முடிந்ததும் இடிபாடுகளைச் சுத்தம் செய்யும் கம்பெனியின் கதை. அது நகைச்சுவை, இது கோபம். கேள்வி ஒன்றுதான்.

---

கறுப்பு_மை எழுதியது:

அடியாள், நீங்கள் சொன்னதில் எனக்கு ஏதோ பிடிபடுகிறது. உடைப்பதற்குப் பதில் முழுசாக நம்புவது. மரபை அந்த உலகத்தின் சட்டம் மாதிரி வைத்துக்கொண்டு கடைசிவரை இழுத்துப் போவது.

யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த எல்லாமே இந்த வகைதான். வைல்ட்போ எழுதிய ‘வோர்ம்’ 2011 முதல் 2013 வரை இணையத்தில் தொடராக வந்தது, 16 லட்சம் சொல்லுக்கு மேல். பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் சக்தி கொண்ட ஒரு பள்ளிக்கூடப் பெண், ஹீரோ ஆகத்தான் கிளம்புகிறாள், வில்லன்கள் கூட்டத்தில் போய் நிற்கிறாள். அங்கே முகமூடியைக் கழற்றக் கூடாது, வீட்டாரைத் தொடக் கூடாது என்பதெல்லாம் ஹீரோ வில்லன் இரு தரப்புக்கும் இடையில் எழுதாத ஒப்பந்தம். ஏன் மதிக்கிறார்கள்? நல்ல மனசாலா? இல்லை. அவ்வப்போது நகரங்களையே அழிக்கும் ராட்சதங்கள் வருகின்றன, அன்றைக்கு வில்லனும் ஹீரோவோடு சேர்ந்து நின்றால்தான் யாரும் பிழைப்பார்கள். நாளைக்குத் தோளோடு தோள் நிற்க வேண்டியவனை இன்றைக்கு வீடு தேடிப் போய்க் கொல்ல முடியாது. ரகசிய அடையாளம் என்ற பழைய மரபுக்கு இதைவிட இறுக்கமான காரணத்தை நான் பார்த்ததில்லை.

---

மௌன_வாசகி எழுதியது:

முழுசாக நம்புவது என்று சொல்வது நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த மரபை நம்புகிறோம் என்று பார்க்க வேண்டாமா? எல்லா மரபும் கேப் மாதிரி வெகுளியானவை இல்லை.

1994இல் ‘கிரீன் லான்டர்ன்’ 54ஆம் இதழ். ஹீரோ வீட்டுக்கு வருகிறான், காதலியை வில்லன் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறான். எதற்கு? ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும், அதற்கு. பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் 1999இல் இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் கதாபாத்திரங்களைப் பட்டியல் போட்டு ஓர் இணையதளம் ஆரம்பித்தார். இந்தச் சம்பவத்தின் பெயரையே தளத்துக்கு வைத்தார். அதற்குப் பிறகுதான் பலருக்கும் இது ஒரு வழக்கம் என்பதே கண்ணில் பட்டது.

அதற்கு முந்தின ஒன்றை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 1973, ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ 121. ஸ்பைடர்மேனின் காதலி க்வென் பாலத்திலிருந்து விழுகிறாள், ஸ்பைடர்மேன் வலையை வீசிக் காலில் பிடித்துவிடுகிறான். பிடித்துவிட்டான் இல்லையா, வழக்கமாக இதோடு காட்சி முடியும். ஆனால் அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஒலிக்குறிப்பு எழுதியிருக்கிறது, முறியும் சத்தம். அவன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான். வாசகருக்குத் தெரிந்தது அவனுக்கு இன்னும் தெரியாது. திடீரென்று நின்ற அதிர்ச்சியில் கழுத்து முறிந்தது என்று பிற்பாடு வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே பதில் எழுதியது.

அங்கேயும் ஒரு பெண் ஹீரோவுக்காகத்தான் சாகிறாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி நொடியில் பிடித்துவிடுவான் என்ற மரபுதான் அவளைக் கொல்கிறது. 1994இல் அப்படி எதுவும் நடக்கவில்லை, பெட்டியைத் திறக்கிறான், கத்துகிறான்.

---

உடைப்பவன் எழுதியது:

க்வென் விஷயம் சரி, அது என் பட்டியலில் உடைத்தல் என்றுதான் வரும். ஹீரோ பிடித்தும் சாகிறாள்.

---

மௌன_வாசகி எழுதியது:

விழுகிற வேகம், திடீர் நிறுத்தம், இந்த இயற்பியலை மற்ற கதைகள் கண்டுகொள்ளாமல் விட்டன, இது விடவில்லை. அதை உடைத்தல் என்று சொல்வீர்களோ கடைப்பிடித்தல் என்று சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம்.

---

பழைய_இதழ் எழுதியது:

வில்லனையே நாயகனாக வைப்பது ஏதோ இந்தத் தலைமுறையின் புதுமை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், 1933இல் தன் சொந்த ரசிகர் இதழில் ஒரு சிறுகதை எழுதினார், அவர் கூட்டாளி ஜோ ஷஸ்டர் படம் போட்டார். அதில் வரும் சூப்பர்மேன் மொட்டைத்தலை வில்லன். இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஒருவனை ஒரு விஞ்ஞானி அழைத்துப் போய் மருந்து கொடுக்கிறார், அவனுக்கு மனசைப் படிக்கும் சக்தி வருகிறது, உலகத்தை ஆளக் கிளம்புகிறான். மருந்தின் வீரியம் தீர்ந்துபோகிறது. மறுபடி செய்து கொடுக்க விஞ்ஞானி இல்லை, அவரை இவனே கொன்றுவிட்டான். திரும்பவும் அதே வரிசையில் போய் நிற்கிறான். 1938இல் வந்த நல்ல சூப்பர்மேன் அதற்குப் பிறகுதான்.

இன்னும் இருக்கிறது. 1965இல் பிரிட்டனில் ‘லயன்’ வார இதழில் ஸ்பைடர் என்று ஒருவன் ஆரம்பித்தான், மார்வெல்காரன் இல்லை, கூர்காதும் கறுப்பு உடையுமாக இருப்பானே, நம் லயன் காமிக்ஸில் எண்பதுகளில் தமிழ் பேசிய அதே ஆள். அவன் லட்சியமே குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது. மற்ற வில்லன்களை அடிப்பான், நல்லவன் என்பதால் இல்லை, போட்டிக்கு ஆள் இருக்கக் கூடாது என்பதால். அடுத்த வருடமே அந்தத் தொடரை எழுத வந்தவர் யார் தெரியுமா? அதே சீகல். வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அவனைக் குற்றவாளிகளுக்கு எதிரியாகத் திருப்பினார், ஆனால் திமிரை மட்டும் குறைக்கவே இல்லை.

நம் இரும்புக்கை மாயாவியும் அப்படித்தானே? 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். மூலத்தில், 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில், அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல், ஆரம்பத்தில் முழு வில்லன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அந்தச் சக்தியை வைத்துக் கொள்ளையடிக்கிறான், நியூயார்க்கையே மிரட்டுகிறான். உளவாளி ஆனது பிறகு. அந்தக் கையை யோசித்துப் பாருங்கள், மறையும் சக்தி இருக்கிறது, ஆனால் எது அவனைக் காட்டிக்கொடுக்குமோ அது மட்டும் மறையாது. வில்லனுக்கு இதைவிட நல்ல சக்தி யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா?

---

அடியாள்_எண்_9 எழுதியது:

அந்தரத்தில் மிதக்கும் கை! அண்ணா, அதைச் சொன்னதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம்.

---

தொடரும்_போடு எழுதியது:

செத்தவன் திரும்பி வருவதை யாரும் தொடவே இல்லையே. 1988இல் பேட்மேனின் துணையாள் ராபின், அந்தப் பெயரில் வந்த இரண்டாவது பையன் ஜேஸன் டாட், சாகலாமா வேண்டாமா என்று பதிப்பாளரான டிசி போன் ஓட்டெடுப்பே வைத்தது. சாகட்டும் 5,343, பிழைக்கட்டும் 5,271. 72 ஓட்டில் ஒரு பையன் போய்ச் சேர்ந்தான். 2005இல் திரும்பி வந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், கதைக்குள் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிப்பதே கிடையாது. பக்கத்து வீட்டு ஹீரோ செத்துத் திரும்பி வந்தால், நேற்று உன் அப்பா செத்தபோது நீ ஏன் அழுதாய், காத்திருக்க வேண்டியதுதானே? சாதாரண ஆட்களுக்கு மட்டும் சாவு நிஜம் என்றால் அந்த ஊரில் எப்படிப்பட்ட மதம் உருவாகும், எப்படிப்பட்ட பொறாமை உருவாகும்! யாராவது இதை எழுதுங்கள், காசு கொடுத்துப் படிக்கிறேன்.

‘வென்ச்சர் பிரதர்ஸ்’ கார்ட்டூன் இதற்குக் கிட்டத்தில் போனது. அதில் வில்லன்களுக்கு ஒரு சங்கமே உண்டு, யாருக்கு யார் எதிரி என்று சங்கம்தான் ஒதுக்கிக் கொடுக்கும், படிவம், விதிமுறை, அதிகாரிகள் எல்லாம் இருக்கும். 21, 24 என்று இரண்டு அடியாட்கள், எந்தச் சண்டையிலும் ஒன்றும் ஆகாது, ஓரமாக நின்று வம்பு பேசுவார்கள். மூன்றாவது சீசன் முடிவில் 24 செத்துப்போவான். நகைச்சுவை அடியாள், அவன் சாவை யார் பொருட்படுத்துவார்கள் என்று நினைத்தால், 21 அவன் மண்டையோட்டை வைத்துக்கொண்டு அதோடு பேசிக்கொண்டிருப்பான், உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு வேறு ஆளாகவே மாறிவிடுவான்.

---

கறுப்பு_மை எழுதியது:

சங்கம்! இது எனக்கு வழி காட்டுகிறது. இப்படி வைத்தால் எப்படி இருக்கும், அடித்துத் துவைத்துச் சொல்லுங்கள்.

என் கதை உலகத்தில் அரசாங்கத்துக்கும் வில்லன்களுக்கும் ஒரு பழைய உடன்படிக்கை. தாக்குதலுக்கு முன்னால், திட்டத்தைத் தடுக்கக்கூடிய ஒருவரிடம், தடுக்க அவகாசம் இருக்கும்போதே முழுவதும் சொல்லிவிட்டால் அது ‘அறிவிக்கப்பட்ட செயல்’. பிடிபட்டால் சாதாரணச் சிறை, வக்கீல், விசாரணை. சொல்லாமல் செய்தால் பயங்கரவாதம், பார்த்த இடத்தில் கொல்லலாம். ஆகவே என் வில்லன் பேசுவது கர்வத்தால் இல்லை. அது அவனுடைய ஆயுள் காப்பீடு.

---

உடைப்பவன் எழுதியது:

சரி, இது நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் உடனே ஓட்டை தெரிகிறது. ஹீரோ காதைப் பொத்திக்கொண்டால்?

---

அடியாள்_எண்_9 எழுதியது:

ஐயோ, அதுதான் காட்சியே! கட்டிப்போட்ட ஹீரோ, நான் கேட்கமாட்டேன் என்று தொண்டை கிழியப் பாட்டுப் பாடுகிறார். வில்லன் கெஞ்சுகிறான், தயவுசெய்து கேளுங்கள் சார், இன்னும் நாலு நிமிடம்தான் இருக்கிறது. ஏனென்றால் கேட்காமல் குண்டு வெடித்தால் நாளைக் காலை வில்லனைச் சுட்டுத்தள்ளலாம். ஹீரோவுக்கு வில்லனைக் கொல்ல ஆசை இருக்கிறது, அதற்காக ஊர்க்காரர்களைப் பணயம் வைக்கிறார் என்று ஆகிறது. இப்போது யார் வில்லன்?

சாட்சிக்கு ஓர் அடியாள் வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள். எல்லாம் முழுதாகச் சொன்னார் என்று கையெழுத்துப் போட ஆள் வேண்டாமா? பாவம், கட்டடம் இடியும்வரை அவன் கோப்போடு நிற்க வேண்டும்.

---

மௌன_வாசகி எழுதியது:

சட்டம் என்று வைத்தால் அதன் விளைவு ஹீரோ வில்லனோடு நிற்காது. ‘ஸ்குவாட்ரன் சுப்ரீம்’, மார்க் க்ரூன்வால்ட், 1985இல் ஆரம்பித்த 12 இதழ் தொடர். ஹீரோக்கள் ஒரே வருடத்தில் பசி, குற்றம், போர் எல்லாவற்றையும் ஒழிக்கிறோம் என்று நாட்டையே கையில் எடுக்கிறார்கள், குற்றவாளிகளின் மூளையை மாற்றும் எந்திரம் செய்கிறார்கள். எந்திரம் வந்ததும் முதலில் நடக்கும் தவறு எது? ஒரு ஹீரோவே தன்னை விரும்பாத பெண்மேல் அதைப் பயன்படுத்திவிடுகிறான். நல்ல நோக்கத்தில் செய்த கருவி முதலில் வீட்டுக்குள்தான் புகுந்தது.

உங்கள் உடன்படிக்கையையும் அப்படிப் பாருங்கள். திட்டத்தைக் கேட்ட ஹீரோ தடுக்கத் தவறினால் அவர்மேல் வழக்கு வருமா? வரும் என்றால் பாதி ஹீரோக்கள் அழைப்பு வந்தாலும் போகமாட்டார்கள். குண்டில் செத்தவரின் மனைவி யார்மேல் வழக்குப் போடுவாள்? எனக்கு வில்லனைவிட அந்த மனைவியின் அத்தியாயத்தைப் படிக்கத்தான் ஆசை. அவளை ஹீரோவின் கோபத்துக்காக மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

---

பழைய_இதழ் எழுதியது:

உடன்படிக்கையைப் பற்றி முதல் அத்தியாயத்திலேயே விளக்கிவிடாதீர்கள் தம்பி. ‘தண்டர்போல்ட்ஸ்’ 1997இல் வந்தபோது, பெரிய ஹீரோக்கள் எல்லாம் செத்துவிட்டதாக உலகம் நம்புகிற நேரம், புதிதாக ஒரு குழு வருகிறது, ஊரைக் காப்பாற்றுகிறது, பழைய பாணி வீர வசனம், பழைய பாணி சிரிப்பு. கொஞ்சம் பழசாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வருகிறோம். தலைவன் முகமூடியைக் கழற்றுகிறான், உள்ளே கேப்டன் அமெரிக்காவின் பழைய எதிரி பாரன் ஸீமோ. முழுக் குழுவும் வில்லன்கள், வேஷம். முந்தின பக்கங்களில் நாம் மரபு என்று நினைத்துப் படித்ததெல்லாம் அவர்களின் நடிப்பு. எழுதிய கர்ட் புஸீக்கும் வரைந்த மார்க் பேக்லியும் இதை வெளியே கசியவிடவே இல்லை, அதற்கு முன் ‘ஹல்க்’ இதழில் குழுவை ஹீரோக்களாகவே தலைகாட்ட வைத்திருந்தார்கள்.

உங்கள் வில்லனும் முதல் இரண்டு முறை வழக்கமான கிறுக்கன் மாதிரியே வசனம் பேசட்டும். வாசகர் கொட்டாவி விடட்டும். மூன்றாவது முறை பேசி முடித்ததும் பக்கத்திலிருந்து கோப்பை நீட்டட்டும்.

---

கறுப்பு_மை எழுதியது:

கொட்டாவி விட்டவர் மூன்றாவதுவரை இருப்பாரா அண்ணா? இதழ் என்றால் காசு கொடுத்து வாங்கியவர் கடைசிப் பக்கம்வரை புரட்டுவார். இணையத் தொடரில் ஒரு சொடுக்கில் போய்விடுவார்.

---

தொடரும்_போடு எழுதியது:

அதற்கு முதல் இரண்டிலும் ஒரு நெருடல் வை. வில்லன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறான், ஹீரோ மயக்கத்தில் கண்ணை மூடினால் தட்டி எழுப்புகிறான், விட்ட வரியை மறுபடி சொல்கிறான். திமிர் பிடித்தவன் ஏன் மறுபடி சொல்கிறான் என்று யாராவது ஒருத்தர் கருத்துப் பகுதியில் கேட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் போகமாட்டார்கள்.

---

உடைப்பவன் எழுதியது:

தட்டி எழுப்புவது பிரமாதம். அதை மட்டும் எடுத்துவிடாதே.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. காது கேட்காத ஹீரோ இருந்தால் உடன்படிக்கை எப்படிச் செல்லும்?

---

கறுப்பு_மை எழுதியது:

எழுத்து வடிவில் அறிவிப்பு செல்லும், ஆனால் பெற்றுக்கொண்டதற்கு ஹீரோ கையெழுத்துப் போட வேண்டும். கை கட்டியிருக்கிறதே! அவிழ்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும்.

நான் போய் எழுதுகிறேன்.